பழைய கெர்னலின் கையில் புதிய வட்டு

கோப்பு முறைமையில் புதிய வசதி ஒன்றைச் சேர்க்கும்போது, புதிய மென்பொருள் பழைய வட்டைப் படித்துவிட்டால் இணக்கம் காத்தாயிற்று என்று நினைப்பவர்கள் ஏராளம். பயனர்கள் மட்டுமல்ல, நிரல் எழுதுகிறவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். பழைய மென்பொருள் ஒரு புதிய வட்டைத் திறக்க மறுத்தால், அதைக் கோளாறு என்றே சொல்லிவிடுகிறார்கள். இரண்டும் தவறு. இரண்டாவது ஆபத்தானதும்கூட.

புதிய நிரல் பழைய வட்டைப் படிப்பது சுலபமான பாதி. அதை எழுதுகிறவருக்குப் பழைய அமைப்பு முழுவதும் தெரியும். சோதித்துப் பார்க்க வட்டுகளும் கையில் இருக்கும். கஷ்டமெல்லாம் எதிர்த்திசையில்தான். ஐந்து வருடத்துக்கு முன் எழுதி முடித்த நிரல், அன்று இல்லவே இல்லாத ஒரு வசதியுள்ள வட்டைச் சந்திக்கிறது. அந்த நிரலை இனிப் போய்த் திருத்த முடியாது. அது யாருடைய மேசை இழுப்பறையிலோ கிடக்கும் மீட்பு யுஎஸ்பியில் இருக்கிறது, பூட்லோடரில் இருக்கிறது, வருடக்கணக்கில் அப்டேட் பார்க்காத சேமிப்புப் பெட்டியில் இருக்கிறது. ஓர் ஆவணத்தைத் தவறாகப் புரிந்துகொண்டால் ஓர் ஆவணம்தான் கெடும். கோப்பு முறைமையைத் தவறாகப் புரிந்துகொண்டு அதில் எழுதினால், அந்த வட்டிலுள்ள எல்லாமே பாழாகலாம்.

லினக்ஸின் எக்ஸ்ட்2, எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 குடும்பம் இதை நேர்மையாக எதிர்கொண்டது. பகிர்வின் தொடக்கத்திலிருந்து 1024 பைட் தள்ளி அமர்ந்திருக்கும் சூப்பர்பிளாக்கில், வசதிகளைக் குறிக்க 32 பிட் அளவில் மூன்று புலங்கள் உண்டு. முதலாவது கம்பாட்: இதில் தெரியாத பிட் இருந்தாலும் பழைய கெர்னல் தாராளமாகப் படிக்கலாம், எழுதலாம். இரண்டாவது ஆர்ஓ-கம்பாட்: தெரியாத பிட் இருந்தால் படிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மூன்றாவது இன்கம்பாட்: தெரியாத பிட் இருந்தால் மவுண்டே செய்யக் கூடாது. மெட்டாடேட்டாவுக்குச் செக்சம் சேர்க்கும் வசதி இரண்டாவது வகை. பழைய கெர்னல் செக்சத்தைக் கண்டுகொள்ளாமல் படித்துக்கொண்டு போகலாம். எழுதினால் செக்சத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிடும். ஆகவே எழுத அனுமதி இல்லை. ஒரு வசதியை எந்தப் புலத்தில் வைப்பது என்று முடிவு செய்யும்போதே, அதைப் பற்றி எதுவும் அறியாத நிரல் என்ன செய்யும் என்று வடிவமைப்பவர் யோசித்தாக வேண்டும்.

இந்த யோசனை எவ்வளவு நுணுக்கமாகப் போனது என்பதற்கு ஜர்னலே சாட்சி. 2001 நவம்பரில் லினக்ஸ் 2.4.15 கெர்னலோடு, மாற்றங்களை முதலில் ஜர்னலில் குறித்துவைக்கும் எக்ஸ்ட்3 வந்தது. ஜர்னல் இருக்கிறது என்ற பிட் கம்பாட் புலத்தில் உள்ளது. ஒழுங்காக அன்மவுண்ட் செய்த எக்ஸ்ட்3 வட்டைப் பழைய எக்ஸ்ட்2 கெர்னல் வழக்கம்போலப் பயன்படுத்தலாம். மின்சாரம் போய் மெஷின் பாதியில் அணைந்தால்? ஜர்னலில் எழுதி, உரிய இடத்துக்கு இன்னும் போய்ச் சேராத மாற்றங்கள் இருக்கும். அப்போது பழைய கெர்னலை உள்ளே விட்டால் நாசம்தான். அதனால் மீட்பு பாக்கி இருக்கிறது என்பதற்குத் தனியாக ஒரு பிட் வைத்தார்கள். அதை இன்கம்பாட் புலத்தில் வைத்தார்கள். அதே வட்டு சுத்தமாக இருக்கும்போது பழையவரை அனுமதிக்கும், ஆபத்தான நிலையில் கதவைச் சாத்தும். இந்த மறுப்பைக் கோளாறு என்று சொல்ல எனக்கு மனம் வராது. என் தரவைக் காப்பாற்றியதே அந்த மறுப்புதான்.

பெரிய அடைவுகளில் பெயரைச் சட்டென்று தேட வந்த அட்டவணையும் இப்படித்தான். அட்டவணைத் தொகுதிகளைக் காலியான பதிவுகள்போலத் தோன்றும்படி அமைத்தார்கள். பழைய கெர்னல் அவற்றைத் தாண்டிப் பெயர்களை வரிசையாகப் படித்துவிடும். அடைவை அது மாற்றினால், அந்த அடைவின் மேலிருக்கும் அட்டவணைக் கொடியை நீக்கிவிடும். பிறகு வரும் புதிய கெர்னல் காலாவதியான அட்டவணையை நம்பி ஏமாறாது. கொடியை நீக்கும் அந்த ஒற்றை வரி, அட்டவணை வசதி கெர்னலுக்குள் வருவதற்கு முன்பே எக்ஸ்ட்2 நிரலில் இருந்தது.

பதிப்பு எண் ஒன்று போதாதா என்று கேட்பவர்களுக்கு இசட்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமை பதில் சொல்லும். அதன் பூல் பதிப்புகள் 28 வரை எண்ணிக்கையாகவே ஏறின. ஆரக்கிள் மூலநிரலை மூடிய பிறகு பலர் பல பக்கம் வளர்க்கத் தொடங்கினார்கள்; 29 என்றால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பொருள் என்றாகும் நிலை. திறந்த தரப்பு எண்ணை 5000க்குத் தாவவிட்டு, ஒவ்வொரு வசதிக்கும் தனிப் பெயர் கொடுத்தது. இயக்கியும் இன்னும் பயன்படுத்தாத வசதி, பழைய நிரலைத் தடுக்காது.

எல்லோரும் புதிய பதிப்புக்கு மாறிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்பார்கள். 2023 பிப்ரவரியில், எக்ஸ்ட் வட்டுகளை உருவாக்கவும் சோதிக்கவும் உதவும் கருவித்தொகுப்பான இ2எஃப்எஸ்ப்ராக்ஸின் 1.47.0 பதிப்பு வந்தது. புதிதாக உருவாக்கும் எக்ஸ்ட்4 வட்டுகளில் இரண்டு வசதிகளை அது இயல்பாகவே இயக்கியது. அவற்றில் ஒன்றான செக்சம் சீட் இன்கம்பாட் புலத்தைச் சேர்ந்தது. அதை ஏற்கும் திருத்தத்துடன் கிரப் பூட்லோடரின் 2.12 பதிப்பு வெளியானது அந்த ஆண்டு டிசம்பரில்தான். இடைப்பட்ட மாதங்களில், பழைய கிரப் வைத்திருந்தவரின் பூட் பகிர்வு இப்படி உருவாக்கப்பட்டிருந்தால் மெஷின் எழும்பாது. இங்கே குற்றவாளி மறுத்த கிரப் அல்ல. பூட்லோடரின் வெளியீட்டுக்குக் காத்திராமல் இயல்புநிலையை மாற்றிய முடிவைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

மற்றொன்று ஆர்ஃபன் ஃபைல். இது கம்பாட் வகை. சுத்தமாக அன்மவுண்ட் செய்த வட்டைப் பழைய கெர்னல் எழுதுவதற்கே திறந்துகொள்ளும். ஆனால் 1.46 பதிப்பின் சோதனை நிரல் ‘ஃபீச்சர்_சி12’ தெரியாது என்று எழுதிவிட்டு வேலையை நிறுத்திவிடும். கெர்னலே திறக்கிறது, இதற்கு என்ன வந்தது என்று ஆத்திரப்படுகிறார்கள். கெர்னல் தனக்குத் தெரிந்த இடத்தை மட்டும் தொடும். சோதனை நிரலின் வேலை அப்படியல்ல. ஒவ்வொரு ஐநோடையும் ஒவ்வொரு தொகுதியையும் கணக்குப் பார்த்து, கணக்கில் வராததைச் சரிசெய்வது அது. புதிய வசதி வைத்திருக்கும் தொகுதிகள் அதன் கண்ணுக்குச் சொந்தக்காரர் இல்லாத இடமாகப் படலாம். காலி என்று குறித்துவிடலாம். தெரியாத கம்பாட் பிட்டைக் கண்டால்கூட அது கைவைக்கக் கூடாது என்ற விதி இதற்காகத்தான். அந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு போக வழி தேடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதைக்கிறது.

2006ல், தொடர்ச்சியான தொகுதிகளை ஒரே பதிவாகக் குறிக்கும் எக்ஸ்டென்ட் வசதியை எக்ஸ்ட்3க்குள்ளேயே சேர்க்கலாம் என்ற பேச்சு வந்தபோது லினஸ் டோர்வால்ட்ஸ் எதிர்த்தார். நிலைபெற்ற எக்ஸ்ட்3ஐ நம்பியிருப்பவர்களைத் தொடாமல், எக்ஸ்ட்4 என்று தனியே கிளை பிரிக்கும் திட்டத்தைத் தியோடர் சோ முன்வைத்தார். 2008 டிசம்பரில் 2.6.28 கெர்னலில் அது நிலையானதாக வந்தது. எக்ஸ்டென்ட் கொண்டு எழுதிய வட்டை எக்ஸ்ட்3 கெர்னலால் மவுண்ட் செய்ய முடியாது. ஆர்ஃபன் ஃபைல் வசதியையோ, வட்டை அன்மவுண்ட் செய்துவிட்டு டியூன்2எஃப்எஸ் கட்டளையால் அணைத்துவிடலாம். திரும்பி வர முடிகிற மாற்றம் எது, முடியாத மாற்றம் எது என்பதை, நிறுவும் மென்பொருள் வட்டை உருவாக்குவதற்கு முன்பே திரையில் சொல்ல வேண்டும். கையேட்டின் உள்பக்கத்தில் எழுதி வைத்தால் போதாது.