மதிலுக்கு ஆளோட

‘நெல்லுக்கு நண்டோட, கரும்புக்கு ஏரோட, வாழைக்கு வண்டியோட, தென்னைக்குத் தேரோட’ என்று இடைவெளிக்கு அளவு சொல்லி வைத்தார்கள் நம் பெரியவர்கள். மதில் சுவருக்கு எவ்வளவு என்று சொல்லவில்லை. அன்றைக்கு உயிர்வேலிதானே! இன்றைக்கு வீட்டுக்கு மட்டுமல்ல, தோட்டத்துக்கும் காம்பவுண்ட் கட்டுகிறோம். கட்டிய கையோடு சுவரை ஒட்டியே வரிசையாகக் கன்றும் நட்டுவிடுகிறோம். இது தப்பு என்பது என் கருத்து. பட்டுத்தான் சொல்கிறேன்.

மாத்தூரில் வீடு கட்டியதும் சுவரிலிருந்து ஒன்றரை அடியில் ஒரு வேம்பு வைத்தேன். தள்ளி வைத்தால் இடம் வீணாகுமே என்று வங்கிக்காரன் கணக்கு. மரம் பெருத்தது, சுவர் விரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். “சார், வேம்பு நல்லதுதான். ஆனா சுவர் எங்க பக்கம் சாயுதே, பசங்க விளையாடுற இடமாச்சே” என்றார். பதில் பேச முடியவில்லை. அவர் பக்கத்துக் கிளைகளை எல்லாம் கழித்தேன். பாரம் முழுக்க ஒரு பக்கமானது. 2016 டிசம்பர் 12, வார்தா புயல். மரம் எங்கள் வாசலில் கிடந்தது. வேரைப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் பிடிமானமே இல்லை, அஸ்திவாரம் தடுத்துவிட்டது.

புயல் மேல் பழி போடலாம். ஆனால் அந்த மரத்தை முதலில் சாய்த்தது நான் விட்ட ஒன்றரை அடிதான்.

எங்கள் பக்கம் மரம் போனால் சும்மா இல்லை. கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதிகளில் ஒன்றாக மணலியை 2009லேயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பட்டியலிட்டது. இங்கே ஒவ்வொரு மரமும் வேண்டும். அதனால்தான் பத்து வருஷத்தில் வெட்ட வேண்டிய இடத்தில் நடாதீர்கள் என்கிறேன்.

கடன் கொடுக்கும்போது மார்ஜின் வைப்போம். மரத்துக்கும் மார்ஜின் வேண்டும். இப்போது நான் வைத்திருக்கும் அளவு இதுதான்: மரம் முழுசாக வளர்ந்த பிறகும் இலைக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் துடைப்பத்தோடு போய்வர வேண்டும். படரும் அகலத்தில் பாதி, அதோடு இரண்டு அடி. கவாத்து செய்து வளர்க்கும் கறிவேப்பிலைக்கு 4 அடி, செம்பருத்திக்கு 5, முருங்கைக்கு 7, எலுமிச்சைக்கு 9 அல்லது 10. தென்னைக்கு 14 அடிக்குக் குறையக் கூடாது. மா, வேம்பு என்றால் 17 அடி. ஆல், அரசுக்கு வீட்டு மனையில் இடமே இல்லை.

“அரை கிரவுண்டு மனையில் இதெல்லாம் முடியுமா?” என்று கேட்பீர்கள். முடியாது. அங்கே மாவை விட்டுவிடுங்கள். சுவரோரம் பிரண்டை, கோவை, அவரையைப் பந்தலில் ஏற்றுங்கள். கறிவேப்பிலை போதும், பப்பாளி ஒன்று போதும்.

இன்னொன்று. சுவரடி மண்ணை நம்பாதீர்கள். கட்டும்போது கொட்டிய சிமெண்டும் செங்கல் சல்லியும் அங்கேதான் கிடக்கும், மண்ணில் காரம் ஏறியிருக்கும். இரண்டு அடி தோண்டி எடுத்துவிட்டு, நல்ல மண்ணும் மட்கிய தொழுவுரமும் போட்டு நிரப்புங்கள். மேற்கு வெயில் படும் சுவர் ராத்திரியிலும் அனல் கக்கும். இளங்கன்றுக்கு மூடாக்கு கட்டாயம்.

நிலம் உள்ளவர்களுக்கும் இதே நியாயம்தான். வரப்பை ஒட்டி நட்ட மரத்தின் நிழல் பக்கத்து வயலில் விழுந்தால் விளைச்சல் அவருக்குக் குறையும், பகை நமக்கு வளரும். நடுவதற்கு முன்னால் அவரை ஒரு வார்த்தை கேளுங்கள்.

விழுந்த வேம்பு இருந்த இடத்தில் இப்போது செம்பருத்தி நிற்கிறது, சுவரிலிருந்து ஐந்து அடியில். பக்கத்து வீட்டு அம்மா பூஜைக்குப் பூ பறித்துக்கொள்கிறார்.