தாளில் இல்லாத ஆள்

வங்கியில் எல்.சி. மேசைக்கு வருகிற தாள்களில் கடல் வாசனை இருக்காது. பில் ஆஃப் லேடிங், இன்வாய்ஸ், இன்சூரன்ஸ், சரக்கு எந்த நாட்டில் உண்டானது என்பதற்கு ஒரு சான்று. எல்.சி.யில் கண்டபடி எல்லாம் ஒத்துப்போனால் பணம். இல்லையென்றால் 'டிஸ்க்ரிபன்சி' என்று திருப்பிவிடலாம். உலக வங்கித் தொழிலே கட்டுப்பட்டு நடக்கிற யூசிபி 600 விதிகளில் 5ஆவது விதி ஒளிவுமறைவில்லாமல் சொல்லுது: வங்கி கையாள்வது தாளை, சரக்கை அல்ல. சரக்குக்கே அந்தக் கதி என்றால் அதைக் கொண்டு வருகிற மனுசன்? அவன் எந்தத் தாளிலும் இல்லை.

'சப்ளை செயின்', 'ரிஸ்க் மேனேஜ்மென்ட்' என்று படிக்கும் மாணவத் தோழர்கள் கண்டெய்னர் புராணத்தைக் கேட்டிருப்பீர்கள். 1956 ஏப்ரலில் 'ஐடியல் எக்ஸ்' கப்பல் 58 இரும்புப் பெட்டிகளோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் போனது. சில்லறைச் சரக்கை ஏற்ற டன்னுக்கு 5.83 டாலர், பெட்டியில் ஏற்ற 15.8 சென்ட் என்று கணக்குப் போட்டார்கள். அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு மூட்டை தூக்கியவனின் கூலி. (தூக்குற வேலை போனதுக்கு நான் அழல. இடுப்பொடிக்கிற வேலை ஒழியட்டும். மிச்சமான காசு யார் பைக்குப் போச்சு என்பதுதான் கேள்வி.) பிறகு டொயோட்டா வழியில் 'தேவைப்படும்போது தேவையான அளவு' வந்தது. இருப்பு வைத்தால் பணம் முடங்கும், வட்டி ஏறும். எனவே கிடங்கைச் சுருக்கு. கிடங்கில் தூங்க வேண்டிய சரக்கு கடலில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று.

ஓடுவது நின்றால்?

2021 மார்ச் 23. 400 மீட்டர் நீளமுள்ள 'எவர் கிவன்' சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்டது. ஆறு நாள் உலகமே வேடிக்கை பார்த்தது. சொந்தக்காரர் ஜப்பான், நடத்துவது தைவான் கம்பெனி, கொடி பனாமா, மாலுமிகள் 25 பேரும் இந்தியர்கள். கப்பல் நகர்ந்த பிறகும் நட்டஈடு கேட்டு எகிப்து அதைப் பிடித்து வைத்தது. முதலில் கேட்டது 916 மில்லியன் டாலர். விட்டது ஜூலை 7ஆம் தேதி. இதற்கு நடுவே சொந்தக்காரர் 'ஜெனரல் ஆவரேஜ்' அறிவித்தார். பழங்காலத்துக் கடல் சட்டம் அது. கப்பலைக் காப்பாற்ற ஆன செலவைக் கப்பல்காரரும் சரக்குக்காரர்களும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். சரக்குடையவன் உத்தரவாதம் கொடுத்தால்தான் பெட்டி கையில் கிடைக்கும். மூலதனத்துக்குள்ளே என்ன ஒற்றுமை பாருங்க!

அதே சூயஸ் பக்கம், அதே மார்ச் மாதம், இன்னொரு கப்பலில் ஒருவன் தனியாக இருந்தான். 2017 ஜூலையில் பிடிபட்ட சிறிய சரக்குக் கப்பல். முதலாளி கைவிட்டுவிட்டார். சிரியாக்காரரான தலைமை அதிகாரியைக் கப்பலுக்குச் 'சட்டப்படியான காவலர்' ஆக்கியது எகிப்து நீதிமன்றம். கையெழுத்து வாங்கினார்கள், அதன் பொருள் அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். ஊரில் அம்மா செத்துப்போனாள், போக முடியவில்லை. 2020இல் புயல் கப்பலைக் கரையருகே தள்ளியது. அதற்கப்புறம் சில நாளுக்கொருமுறை நீந்திப்போய் சாப்பாடு வாங்கி, போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு திரும்பியிருக்கிறார். 2021 ஏப்ரலில்தான் விடுதலை. ஏறக்குறைய நாலு வருசம்!

பெருங்கப்பலின் நட்டத்தை ஆயிரக்கணக்கான சரக்குக்காரர்கள் பிரித்துச் சுமக்கிறார்கள். சிறுகப்பலின் நட்டத்தை ஒரு கூலிக்காரன் உடம்பில் கட்டுகிறார்கள். 'ரிஸ்க்' என்ற சொல்லுக்குப் பாடப்புத்தகம் இந்த அர்த்தத்தைத் தராது. சட்டமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் திருத்தம் 2017 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. கைவிடப்பட்ட மாலுமிக்கு இன்சூரன்ஸ் மூலம் பாக்கிச் சம்பளம் உண்டு, நாலு மாதம் வரைக்கும். அவரது நாலு வருசத்தை அதில் எங்கே அடைப்பது?

பணம் கொடுப்பதற்கு முன் என்னென்ன தாள் வேண்டும் என்று எல்.சி.யில் எழுதுகிறவன் வாங்குபவன். பூச்சி மருந்து அடித்த சான்றிதழ்கூடக் கேட்கிறான். இந்தக் கப்பலின் மாலுமிகளுக்குச் சம்பளம் பட்டுவாடா ஆகிவிட்டது என்று ஒரு தாளும் கேட்கட்டுமே. தொழில்நுட்பம் ஏதும் வேண்டாம், கூடுதலாக ஒரு வரி. மேசைக்கு வருகிற மற்றத் தாள்களைப் போல அதையும் ஒத்துப் பார்ப்போம், இல்லாவிட்டால் திருப்புவோம்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொன்னேன். பக்கத்து மேசை அண்ணன் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே கேட்டார்: "அந்தத் தாளுக்கு யாருப்பா கையெழுத்துப் போடுவான், மாலுமியா, முதலாளியா?"

மாலுமிதான் என்றேன்.