தாமிரபரணிப் பிரதேசத்துச் சிறு தொழில்களும் இணையத்தளமும்

அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட அம்பை 16 என்னும் நெல்லை அறியாத விவசாயி நம் மாநிலத்தில் அரியர். இட்டிலிக்கு ஏற்ற குண்டு அரிசி என்ற மதிப்பும் அதற்கு உண்டு. ஆயினும் அவ்வரிசியை விளைவித்தவர் எவர், எவ்வூரார் என்பது வாங்குவோருக்குத் தெரிவதில்லை. ஊரின் பெயர் சந்தை ஏறிவிட்டது. உற்பத்தி செய்பவரின் பெயர் களத்துமேட்டோடு நின்றுவிட்டது. இக்குறையை ஓரளவேனும் நீக்கும் சாதனமாக இணையத்தளத்தைக் கருதவேண்டும் என்பது எமது அபிப்பிராயம்.

பத்தமடைப் பாய் இதற்குத் தக்க திருஷ்டாந்தம். தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையை அறுத்து, ஓடும் நீரில் ஊறவைத்து உலர்த்தி, நூலிழைபோல் மெல்லியதாகக் கிழித்து நெய்யப்படும் பாய் அது. கலியாணங்களுக்கு மணமக்களின் பெயரைப் பாயிலேயே நெய்து கொடுப்பது அவ்வூரார் வழக்கம். முகூர்த்தத்திற்குப் பல நாட்களுக்கு முன்பே சொல்லிவைத்துச் செய்யவேண்டிய சரக்காதலின், கடைத்தெருவில் விரித்து வைத்து வாங்குவோரை எதிர்பார்த்திருக்கத் தக்கதன்று. சென்னையிலோ சிங்கப்பூரிலோ உள்ள குடும்பத்தார் பாயின் படத்தையும், நீள அகலத்தையும், இழையின் நயத்திற்கேற்ற விலையையும், நெய்து முடிக்க ஆகும் நாட்களையும் கண்டு, முன்பணம் செலுத்தித் தபாலில் பெற இயலுமாயின் தறி ஓய்ந்திராது. முரட்டுப் பாய்க்கும் பட்டுப் பாய்க்கும் விலை ஏன் பன்மடங்கு வேறுபடுகிறது என்பதைத் தரகர் எடுத்துரைக்கமாட்டார். நெய்பவரே சொல்லவேண்டும், அதற்கு அவருடைய சொந்தத் தளமே இடம்.

மாலையில் சில மணி நேரமே திறந்து அல்வாவை விற்றுத் தீர்க்கும் இருட்டுக்கடை இருக்கிறதே என்று சிலர் ஆட்சேபிக்கலாம். அக்கடை நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருக்கிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். சேரன்மகாதேவியில் ஒரு சந்துக்குள் செக்கெண்ணெய் ஆட்டுபவருக்கும், உடன்குடிப் பக்கம் பனங்கருப்பட்டி காய்ச்சுபவருக்கும் அத்தகைய சந்நிதித் தெரு வாய்க்கவில்லை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அக்கருப்பட்டியின் பெயரில் சீனி கலந்த சரக்கும் விலைபோகும் தீமை யாவரும் அறிந்ததே. கலப்படமின்றிச் செய்பவர், பதநீர் இறக்கும் மாதங்கள் எவை, எவ்வூர்ப் பனைகளிலிருந்து வருகிறது, எவ்வாறு காய்ச்சப்படுகிறது என்பவற்றைப் படத்துடன் வெளியிட்டால், வாங்குவோர் நம்புவதற்கு ஆதாரம் ஏற்படும்.

பெரிய இணைய அங்காடிகளில் சேர்ந்தால் போதாதோ எனின், சேர்வதில் தவறில்லை. அங்கே கமிஷன் உண்டு. அதனினும் பெரிய நஷ்டம், வாங்குவோருடன் நேர்த்தொடர்பு அங்காடியாருக்கே உரியதாகிவிடுவது. சென்ற பொங்கலுக்குத் தம்மிடம் கருப்பட்டி வாங்கியவர் யாரென்று அறியாதவர், இவ்வருஷம் அவருக்கு எழுதுவது எங்ஙனம்?

ஒரு விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். தளத்தின் பெயரைக் கட்டணம் செலுத்தி உரிய காலத்தில் புதுப்பிக்கவேண்டும்; தவறினால் அது பிறர்வசமாகலாம். தளத்தை அமைத்துக் கொடுப்பவர் தம் பெயரிலேயே அதைப் பதிந்துகொள்வதும் உண்டு. நிலத்தை உழுபவர் ஒருவர், பட்டா மற்றொருவர் பெயரில் என்னும் நிலைமையின் தொல்லையை நமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பதிவும் கடவுச்சொல்லும் உரிமையாளரிடமே இருத்தல் வேண்டும். சென்ற வருஷத்து விலையை மாற்றாமல் வைத்திருக்கும் தளமோ, மணியடித்தும் எடுக்கப்படாத தொலைபேசியோ இல்லாததினும் கேடு.

எல்லோருக்கும் இது வேண்டுமென்று யாம் கூறவில்லை. உள்ளூரில் பால் ஊற்றுபவருக்கு இதனால் யாதொரு பயனுமில்லை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலை விரைவில் வாடும் பொருளாதலின், ஒரு கவுளியைத் தபாலில் அனுப்புதல் வீண். மொத்த வியாபாரிகள் விலை விசாரிப்பதற்கு மட்டும் ஒரு பக்கம் உதவும். தனித்தனியே செலவிட இயலாதவர்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் மூலமோ கூட்டுறவுச் சங்கத்தின் மூலமோ ஒரே தளத்தை நடத்தலாம்.

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் இதில் செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஊருக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டதனால் மட்டும் ஒவ்வொருவரும் அதைத் தம் சரக்கில் பொறித்துவிட முடியாது. உற்பத்தியாளர் தம்மை அங்கீகரிக்கப்பட்ட உபயோகஸ்தராகத் தனியே பதிந்துகொள்ளவேண்டும். உணவுப் பண்டமாயின் உணவுப் பாதுகாப்புப் பதிவும் அவசியம். இவ்வெண்கள் தளத்தின் முகப்பிலேயே காணப்படுமாயின் போலிச் சரக்குக்காரர் அவ்வளவு எளிதில் பின்பற்ற இயலாது. பாய் நெய்யும் குடும்பத்துப் பெண்களுக்கு இவ்விண்ணப்பங்களை எழுதிக் கொடுக்க, விடுமுறையில் ஊர் திரும்பும் கல்லூரி மாணவர்களைச் சில நாட்களுக்கு அமர்த்திக்கொள்ளலாம்.