மலைப் பாதையில் குழந்தைகளோடு

பள்ளிக்கு லீவு விட்டாச்சு என்றால், எங்கள் குண்டடம் பக்கத்தில் "மூணாறு போகலாமா?" என்ற பேச்சு தொடங்கிவிடும். உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக ஏறும் அந்தப் பாதையில் நான் பலமுறை போய் வந்தவள். இளம் தாய்மார்களுக்குச் சில விஷயங்கள் சொல்கிறேன்.

சின்னாறு வரை முள்ளும் புதரும்தான். நம்ம ஊர் மேட்டாங்காடு மாதிரியே இருக்கும். மழைக்காற்று மலைக்கு அந்தப்புறமே பெய்து தீர்ந்துவிடுவதால் இந்தப்புறம் வறட்சி. மறையூரில் சந்தனக் காடும் கரும்பும். அதற்கும் மேலே, மலை முழுக்கத் தேயிலை! மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரம். 1,000 மீட்டர் ஏறினால் 6 டிகிரி போல வெப்பம் குறையும். அதனால் ஸ்வெட்டரைப் பெட்டிக்கு அடியில் வைக்காதீர்கள், கைக்கெட்டும்படி வையுங்கள்.

வளைவுகளில் பிள்ளைகள் வாந்தி எடுப்பது ஏன்? வண்டி ஆடுவதை உட்காது உணர்கிறது. கண்ணோ செல்போனையே பார்க்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் குமட்டுகிறது. போனை வாங்கி வைத்துவிட்டு, முன்னால் தெரியும் மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். புறப்படுமுன் இரண்டு இட்லி போதும். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம்.

இறங்கும்போது காது அடைக்கும். பெரிய பிள்ளைகளுக்கு மடக்கு மடக்காகத் தண்ணீர் கொடுங்கள். கைக்குழந்தைக்கு ஊருக்குள் வண்டியை நிறுத்திப் பால் கொடுங்கள். யானை நடமாடும் காட்டுக்குள் நிறுத்த வேண்டாம். வண்டி ஓட்டுகிறவர் யாரானாலும், ஏறின கியரிலேயே இறங்கட்டும். பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் சூடேறி, பிடிக்காமல் போகும்.

இன்னொன்று. முன்னால் போன காரிலிருந்து அழுக்கு டயபர் ஒன்று பள்ளத்தில் பறந்ததை ஒருமுறை பார்த்தேன். மனசு பதறிப்போச்சு. மறையூர்ப் பக்கம் விழும் மழை பாம்பாற்றில் இறங்குகிறது. கேரளத்திலிருந்து கிழக்கே ஓடிவரும் மூன்று ஆறுகளில் அதுவும் ஒன்று. பாம்பாறும் சின்னாறும் எதில் சேர்கின்றன தெரியுமா? நம் அமராவதியில்! தாராபுரம் வயல்களுக்குப் பாய்வதும் அந்தத் தண்ணீர்தானே? மேலே யாரோ எறிந்தது என்று நாம் எப்படி இருந்துவிட முடியும்?

மூடி இறுக்கமாக உள்ள பழைய பிளாஸ்டிக் டப்பா ஒன்றை வண்டியில் வையுங்கள். டயபர், வாந்தி எடுத்த பை எல்லாம் அதில் போகட்டும். வீடு திரும்பியதும் குப்பை வண்டியில் சேர்த்துவிடலாம். ஒரு டப்பா சுமப்பது நமக்குப் பாரமா, சொல்லுங்கள்?