தோற்கக் கிடைக்காத அவகாசம்

1994-ல் வெளிவந்த 'பாசமலர்கள்' படத்தின் கதாநாயகன் அரவிந்த்சாமி. அதே படத்தில் அஜித்துக்குத் துணை வேடம். அதற்கு முந்தைய ஆண்டு 'அமராவதி'யில் அஜித் நாயகனாக அறிமுகமாகியிருந்தார் என்றாலும், அதில் அவருக்காகப் பேசியது விக்ரம். அந்த விக்ரம் நான்கு ஆண்டுகளாகக் கதாநாயகனாக நடித்துக்கொண்டிருந்தும் யாருக்கும் நினைவில் நிற்கவில்லை. விஜய், தன் தந்தை எஸ்.ஏ.சந்திரசேகர் இயக்கிய 'ரசிகன்' படத்தின் மூலம் அப்போதுதான் மெல்லத் தலைகாட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கோடம்பாக்கத்தில் எந்த விநியோகஸ்தரிடம் போய், "பத்து வருஷம் கழித்து யார் படத்துக்கு நீங்கள் முன்பணம் கட்டுவீர்கள்?" என்று கேட்டிருந்தாலும், பதில் அரவிந்த்சாமி அல்லது பிரசாந்த் என்றுதான் வந்திருக்கும்.

அப்படிச் சொல்ல அவர்களுக்கு எல்லா நியாயமும் இருந்தது. 'தளபதி'யில் ரஜினிக்கும் மம்மூட்டிக்கும் எதிரில் தயங்காமல் நின்ற கலெக்டர், அடுத்த ஆண்டே 'ரோஜா' மூலம் இந்தியா முழுவதும் தெரிந்த முகமானார். மாப்பிள்ளை தேடும் வீடுகளில் 'அரவிந்த்சாமி மாதிரி' என்பது ஒரு தகுதியாகவே ஆகிப்போயிருந்தது. பிரசாந்துக்கோ பதினேழு வயதில் 'வைகாசி பொறந்தாச்சு', பிறகு 'செம்பருத்தி', பாலுமகேந்திராவின் 'வண்ண வண்ண பூக்கள்', மணிரத்னத்தின் 'திருடா திருடா'. நடனம், சண்டை, முகம், குடும்பப் பின்புலம் எதிலும் குறைவில்லை.

இருந்தும் இருவருக்கும் எதிர்பார்த்த உயரம் ஏன் வரவில்லை? திரையுலகம் இதற்கு வைத்திருக்கும் முதல் பதில் 'ராசி'. அடுத்தது, 'நடிப்பு போதாது'. ராசியில்லாதவர் என்ற பட்டம் சுமந்த விக்ரம்தான் 'சேது'வுக்குப் பிறகு தமிழின் முன்னணி நடிகர்களில் ஒருவர் ஆனார். நடிப்பு போதாது என்ற பேச்சும் நிற்காது. தொடக்கப் படங்களை வைத்துப் பார்த்தால் பிரசாந்த் அன்றைய விஜய்க்கோ அஜித்துக்கோ எந்த வகையிலும் குறைந்தவர் இல்லை. இந்த இரண்டு பதில்களும் சோம்பேறித்தனமானவை. நடந்ததை நடிகரின் தலையில் கட்டிவிட்டு, அதை நடத்திய வணிகத்தைத் தப்பவிடுபவை.

என் பார்வையில் காரணம் வேறு. நம் சினிமாவில் நட்சத்திரமானவர்களின் முதல் ஐந்தாறு ஆண்டுகளைப் புரட்டினால், அவர்கள் எல்லாருக்கும் பொதுவாகக் கிடைத்த ஒன்று உண்டு. தோற்பதற்கான அவகாசம்.

விஜயையே எடுத்துக்கொள்ளலாம். 1992-ல் 'நாளைய தீர்ப்பு' தோற்றது. அடுத்து 'செந்தூரப்பாண்டி'யில் விஜயகாந்தைத் துணைக்கு அழைத்து, அவருடைய ரசிகர்களிடம் மகனை அறிமுகம் செய்து வைத்தார் தந்தை. பிறகு 'ரசிகன்', 'தேவா', 'விஷ்ணு' என்று சிறிய முதலீட்டில், சிறிய ஊர்த் திரையரங்குகளைக் குறிவைத்த படங்கள். விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் ஒரு படம் போனால் இன்னொரு படம் எடுக்க முடிந்தது. 1996-ல் விக்ரமனின் 'பூவே உனக்காக' வந்தபோது, அதற்கு முன்பே நாலு ஊர் ரசிகர்களுக்குப் பழகிய பையனாக அவர் இருந்தார். சூர்யாவும் அப்படித்தான். 'நேருக்கு நேர்' முதல் 'நந்தா' வரை நான்கு ஆண்டுகள் தடுமாறினார். அந்தத் தடுமாற்றத்தை யாரும் பெரிய செய்தியாக்கவில்லை. விக்ரமுக்கு ஸ்ரீதர், பி.சி.ஸ்ரீராம், விக்ரமன் என்று மூன்று பெரிய பெயர்கள் வாய்த்தும் ஒன்றும் கூடிவரவில்லை. ஆனால் அந்தத் தோல்விகள் ஓசையில்லாமல் நடந்தன. மலையாளத்திலும் தெலுங்கிலும் கிடைத்ததைச் செய்தார், பிறருக்குக் குரல் கொடுத்தார், காத்திருந்தார். வாங்க ஆளில்லாமல் முடங்கிக் கிடந்த 'சேது', 1999 டிசம்பரில் வெளியாகி, வாய்வழிப் பேச்சாலேயே ஓடியது.

மறுபக்கம் பாருங்கள். மேலிருந்து தொடங்கியவர்களுக்கு இந்த அவகாசம் இல்லை. தொடக்கத்திலேயே மணிரத்னமும் ரஹ்மானும் வாய்த்துவிட்டால், அடுத்து எந்தப் படம் வந்தாலும் அது இறக்கமாகத்தான் தெரியும். அரவிந்த்சாமிக்கு 'பம்பாய்' தாண்டியதும் நேர்ந்தது இதுதான். 'மின்சார கனவு' பாடல்களுக்காகவும் பிரபுதேவாவுக்காகவும் நினைக்கப்படுகிறது. கதையிலேயே நாயகியைப் பிரபுதேவாவுக்கு விட்டுக்கொடுத்துப் பாதிரியாராகிறார் அரவிந்த்சாமி. சில ஆண்டுகளில் அவர் நடிப்பை விட்டுத் தொழிலுக்குப் போனார்.

1996-ல் 'காதல் தேசம்' வந்தபோது அப்பாஸுக்குக் கிடைத்த வரவேற்பைக் கல்லூரி விடுதிகளில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தலைமுடியை அவர்போல வெட்டிக்கொண்ட பையன்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். ஆனால் அந்த முகத்துக்குப் பின்னால் ஒலித்த குரல் அவருடையது இல்லை. தமிழ் ரசிகர் முகத்தை ரசிப்பார். உரிமை கொண்டாடுவது குரலோடுதான். எம்.ஜி.ஆர்., சிவாஜி, ரஜினி என்று மிமிக்ரி மேடையில் நிற்கும் எவரையும் நினைத்துப் பாருங்கள், கண்ணை மூடினாலே அடையாளம் தெரியும். அப்பாஸை அப்படி யாரும் செய்ததில்லை. 'படையப்பா', 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' என்று நல்ல படங்களில் இருந்தார். அவர் பெயரைச் சொல்லி விற்கும் படமாக எதுவும் இல்லை. 'காதல் தேசம்' தந்த அதே கதிர் இயக்கிய 'காதலர் தினம்' மூலம் 1999-ல் வந்த குணாலுக்கும் ஏறக்குறைய இதே கதை. பாட்டு இன்றும் கேட்கிறது. 2008-ல் மறைந்த அவரை இன்று எத்தனை பேர் நினைக்கிறார்கள்?

தந்தை துணை இருந்தால் போதுமா என்றால், அதுவும் இல்லை. பாரதிராஜாவே இயக்க, ரஹ்மான் இசையில் 'தாஜ்மஹால்' மூலம் 1999-ல் மனோஜ் அறிமுகமானார். சந்திரசேகர் தன் மகனைச் சிறிய படங்களில் பழக்கினார். பாரதிராஜாவின் மகனோ நாடே பார்த்திருக்க மேடையேற வேண்டியிருந்தது. அந்தப் படம் சறுக்கியபோது அது ஒரு புதுமுகத்தின் தோல்வியாக எண்ணப்படவில்லை, ஒரு வாரிசின் தோல்வியாக எண்ணப்பட்டது. மனோஜ் தொடர்ந்து நடித்தார். 2023-ல் 'மார்கழி திங்கள்' படத்தை இயக்கி, அதில் தன் தந்தையை நடிக்க வைத்தார். 2025 மார்ச்சில் 48 வயதில் இறந்தார்.

இனி பிரசாந்த். இந்த வரிசையில் எனக்கு மிகவும் மனம் கனப்பது அவர் விஷயத்தில்தான். உண்மையில் அவரை 'உயரவே இல்லை' என்று சொல்வது நியாயமில்லை; 1998-ல் 'ஜீன்ஸ்' வெளியானபோது அவர் உச்சத்தில் இருந்தார். ஷங்கர் இயக்கம், ஐஸ்வர்யா ராய் நாயகி, இரட்டை வேடம், அந்த ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய படம். அதே ஆண்டில் 'கண்ணெதிரே தோன்றினாள்', அடுத்த ஆண்டு 'ஜோடி'. ஆனால் இந்தப் படங்களை நாம் எப்படி நினைவில் வைத்திருக்கிறோம்? 'ஜீன்ஸ்' ஷங்கர் படம், ஏழு அதிசயங்களில் எடுத்த பாட்டு. 'திருடா திருடா' மணிரத்னம் படம். 'வண்ண வண்ண பூக்கள்' தேசிய விருது வாங்கிய பாலுமகேந்திரா படம். 2003-ல் வந்த 'வின்னர்' கதை இன்னும் சோகம்: நாயகன் பிரசாந்த் என்பதே பலருக்கு மறந்துபோய், அது கைப்புள்ளயின் படமாக, வடிவேலுவின் படமாக நிலைத்துவிட்டது. எல்லாரோடும் பொருந்தி நடிக்கத் தெரிந்த நடிகனுக்கு, தனக்கென்று ஒரு படம் மிஞ்சவில்லை. ரசிகர் மன்றத்துக்குத் தேவைப்படுவது படத்துக்குப் படம் மாறாத ஒரு ஆள். பிரசாந்த் ஒவ்வொரு படத்திலும் அந்தப் படத்துக்கு உரியவராக இருந்தார். நடிகர் என்ற வகையில் அது நேர்மை. சந்தை அதற்கு விலை வைக்கவில்லை.

அந்த 2003-ஐக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். 'தூள்', 'சாமி', 'காக்க காக்க', 'திருமலை' எல்லாம் வந்த ஆண்டு அது. அடுத்த ஆண்டு 'கில்லி'. தொண்ணூறுகளில் காதல் கதைக்குக் கிடைத்த இடம் ஓராண்டுக்குள் அடிதடிக் கதைக்குப் போயிற்று. 'சாக்லேட் பாய்' என்று பத்திரிகைகள் செல்லமாக அழைத்த ஒரு வரிசையே அப்படியே நடுவழியில் நின்றுவிட்டது. 'ரோஜாக்கூட்டம்', 'பார்த்திபன் கனவு' என்று நன்றாகத் தொடங்கிய ஸ்ரீகாந்த், '12பி' ஷாம் எல்லாரும் அந்த வரிசையில் நின்றவர்கள். எஸ்.பி.ஜனநாதனின் 'இயற்கை'யும் அதே 2003-தான். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. ஷாமின் சந்தை நிலவரத்தை அது அசைக்கவே இல்லை. மாதவன் மட்டும் 'ரன்' மூலம் முன்கூட்டியே தடம் மாறிக்கொண்டார்.

தடம் மாறியதாலேயே கெட்டவரும் உண்டு. 2004-ல் 'காதல்' படத்தில் மெக்கானிக் முருகனாகப் பரத் நடித்ததைப் பார்த்து அழாதவர் குறைவு. 'வெயில்', 'எம்டன் மகன்' இரண்டிலும் அவர் தரம் தெரிந்தது. தோற்றுப்போகும் எளிய இளைஞனை நம்பும்படி நடிக்கத் தெரிந்த அபூர்வமான நடிகர் அவர். அவரைத் திரையுலகம் என்ன செய்தது? 'திருப்பாச்சி', 'சிவகாசி' தந்த பேரரசுவின் 'பழனி'யில் பறந்து பறந்து அடிக்க வைத்தது. எந்தக் குணத்துக்காக மக்கள் ஏற்றுக்கொண்டார்களோ, அதையே கழற்றி எறிந்துவிட்டு 'மாஸ்' சட்டையை மாட்டிவிட்டார்கள். சட்டை பொருந்தவில்லை என்றதும் குறை சட்டையில் தேடப்படவில்லை, உடம்பில் தேடப்பட்டது.

இது இன்று நேற்றுத் தொடங்கியதும் இல்லை. ஸ்ரீதர் 1964-ல் 'காதலிக்க நேரமில்லை' மூலம் ரவிச்சந்திரனையும், 1965-ல் 'வெண்ணிற ஆடை' மூலம் அந்தத் தலைமுறையின் ஸ்ரீகாந்தையும் அறிமுகம் செய்தார். ரவிச்சந்திரன் நாயகனாக வலம் வந்தார். தமிழில் ஜெயலலிதாவின் முதல் நாயகனான ஸ்ரீகாந்த், அடுத்த வரிசைக்கு நகர்ந்து, 'தங்கப்பதக்கம்' படத்தில் சிவாஜியின் வழிதவறிய மகனாகவும், 'சில நேரங்களில் சில மனிதர்கள்' பிரபுவாகவும் நின்றார். அந்தப் பிரபுவை வேறொருவர் செய்திருக்க முடியும் என்று என்னால் நினைக்க முடியவில்லை. ரகுவரனும் 1982-ல் 'ஏழாவது மனிதன்' நாயகன்தான். நாயக நாற்காலி அவருக்குக் கிடைக்கவில்லை. பதிலுக்கு 'பாட்ஷா'வின் மார்க் ஆண்டனியைத் தந்துவிட்டுப் போனார். இவர்களைத் தோற்றவர்கள் என்று எந்தக் கணக்கில் எழுதுவது?

நடிகைகள் விஷயத்தில் தோற்று மீண்டும் ஏறும் ஏணியே கிடையாது. 'வீடு', 'தாசி' படங்களுக்காக அடுத்தடுத்து இரண்டு முறை சிறந்த நடிகைக்கான தேசிய விருது பெற்ற அர்ச்சனாவுக்கு, அந்த விருதுகளின் தகுதிக்கேற்ற எத்தனை வேடங்களை நாம் எழுதினோம்? தனியாக எழுதப்பட வேண்டிய விஷயம் அது.

இன்று நிலைமை மேலும் மோசம். முன்பு ஒரு படம் நூறு நாள் ஓட முடிந்தது. மூன்றாவது வாரத்தில்கூடப் பேச்சுப் பரவிக் கூட்டம் திரும்ப வரும். இப்போது வெள்ளி, சனி, ஞாயிறு. மூன்று நாள் வசூலில் நடிகரின் அடுத்த சம்பளமும், தொலைக்காட்சி, ஓடிடி உரிமைகளின் விலையும் முடிவாகின்றன. 'சேது' இன்று வந்தால் திங்கட்கிழமை காலை எந்தத் திரையரங்கிலும் இருக்காது. விக்ரம் என்று ஒருவர் நமக்குக் கிடைத்திருக்கவும் மாட்டார்.

இதில் நம் பங்கும் இருக்கிறது. அப்பாஸ் கழிப்பறை சுத்தம் செய்யும் திரவத்தின் விளம்பரத்தில் வந்ததை எத்தனை ஆண்டுகள் கேலி செய்தோம்! அவர் நியூசிலாந்து போய், பெட்ரோல் பங்கில் வேலை பார்த்ததைத் தானே வெளிப்படையாகச் சொன்னபோது, 'ஒரு காலத்தில் நாயகன், இன்று இப்படி' என்று அதையும் பரிதாபச் செய்தியாக்கினோம். உழைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றிய மனிதரிடம் பரிதாபப்பட என்ன இருக்கிறது? யூடியூபில் பழைய நடிகர்களின் முகத்தில் சிவப்பு வட்டம் போட்டுக் காசு பார்ப்பவர்களை வெட்கமில்லாதவர்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

நல்லதும் நடக்கிறது. அரவிந்த்சாமி 2015-ல் 'தனி ஒருவன்' சித்தார்த் அபிமன்யுவாக முத்திரை பதித்து, 2024-ல் 'மெய்யழகன்' வரை வந்து, நாயகனாக இருந்த காலத்தைவிடச் சிறந்த நடிகராக நிற்கிறார். பிரசாந்த், 2024 ஆகஸ்டில் 'அந்தகன்' படத்தில் நாயகனாகவும், அடுத்த மாதமே விஜயின் 'கோட்' படத்தில் அவருடைய நண்பராகவும் வந்தார். கசப்பில்லாமல் அந்த வேடத்தைச் செய்த அவரை மதிக்கிறேன்.

ஆனால் இருபது ஆண்டு கழித்து வரும் மறுவாழ்வு, இருபத்தைந்து வயதில் மறுக்கப்பட்ட வாய்ப்புகளுக்கு ஈடாகாது. தயாரிப்பாளர்களிடம் கேட்பது ஒன்றுதான்: நன்றாக நடித்த ஒரு புதுமுகத்தின் இரண்டாவது, மூன்றாவது படத்தை முதல் படத்தைவிடச் சிறிய செலவில் எடுங்கள், அவரை அவசரமாக 'மாஸ்' ஆக்காதீர்கள். வாசகர்களிடமும் ஒன்று: அறிமுகப் படத்தில் நீங்கள் கொண்டாடிய அந்தப் பையனின், அந்தப் பெண்ணின் அடுத்த படம் வரும்போது, திங்கட்கிழமைக்குள் திரையரங்குக்குப் போய்ப் பாருங்கள்.