பாக்கெட் இறைச்சி தின்றால் உடம்பு இளைக்குமா?



நம் நாட்டில் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அளவுக்கு மீறிய எடையில் இருப்பதாக 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு கூறுகிறது. தோட்டத்திலும் அப்படித்தான். எடையைக் குறைக்கச் சொன்னால் சிலர் நேரே பேரங்காடிக்குப் போய், 'கொழுப்பு குறைவு' என்று எழுதிய கோழி ஹேம் வாங்கி வந்து விடுகிறார்கள். "ஐயா, இது நல்லதுதானே?" என்று கேட்கிறார்கள்.

முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். அதில் கொழுப்பு குறைவு, புரதச்சத்து உண்டு. புரதம் பசியைத் தள்ளிப் போடும். பொரித்த கோழிக்கு இது எவ்வளவோ மேல்.

ஆனால் உப்பைப் பார்த்தீர்களா? இரண்டு துண்டு ஹேம், அதாவது சுமார் 40 கிராம், ஏறக்குறைய ஒரு முட்டையின் புரதத்தைத்தான் தரும். முட்டையில் சோடியம் சுமார் 70 மில்லிகிராம். ஹேமிலோ 400 வரை போகும். ஒரு நாளைக்கு 2000க்குள் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஊறுகாய், கருவாடு, சோயா சாஸ் எல்லாம் சேர்ந்தால் எங்கே போய் நிற்கும்? "வெயில்ல வேர்வை சிந்துறோம், உப்பு வேணுமே" என்பீர்கள். நம் குழம்பில் இருப்பதே தாராளம். இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் இளைப்பதற்காகத் தினமும் ஹேம் தின்றால், மாத்திரை ஒரு பக்கம் இழுக்க, உப்பு மறு பக்கம் இழுக்கும்.

இன்னொன்று. பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று அதே நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2015இல் அறிவித்தது. தினமும் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 18 விழுக்காடு கூடுமாம். எப்போதாவது தின்பவர் பயந்து நடுங்க வேண்டாம்.

ஹேமை வைக்கும் ரொட்டியில் மார்ஜரின், மயோனிஸ், பக்கத்தில் டின் பால் ஊற்றிய தே தாரேக். அப்புறம் எப்படி எடை குறையும்?

தோல் உரித்த கோழியைக் குழம்பு வையுங்கள். அவித்த முட்டை, பருப்பு, மீன், கீரை போதும். சோற்றை ஓர் அகப்பை குறையுங்கள்.

ஹேம் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் அட்டையில் 'நாத்ரியம்' என்ற வரியைப் பாருங்கள், அதுதான் சோடியம். புரியாவிட்டால் பாக்கெட்டை கிளினிக்குக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.