துப்பாக்கியும் ஒரு 'டெக்னிக்கலி'யும்

"டெக்னிக்கலி இது மெஷின் கன் இல்லீங்க!"

அமெரிக்காவுல ரேஞ்சுக்குப் போய்ப் பொழுதுபோக்கா சுடறவங்ககிட்ட பம்ப் ஸ்டாக் பத்திப் பேச்செடுத்தா, முதல்ல வந்து விழற டயலாக் இதுதான். பொட்டி தட்டுற நமக்கு இந்த 'டெக்னிக்கலி' ரொம்பப் பழக்கம். யாராச்சும் பக் ரிப்போர்ட் பண்ணா, "ஸ்பெக்ல அப்படித்தான் இருக்கு"ன்னு க்ளோஸ் பண்ணுவோமே, அதே ரகம். என்ன, நம்ம பக்ல ஆள் சாகறதில்லை.

மேட்டர் இதுதான் மக்களே. ட்ரிக்கரோட ஒரே இயக்கத்துல தானாவே ஒண்ணுக்கு மேல குண்டு வந்தா அது மெஷின் கன்னு 1934 சட்டம் சொல்லுது. 1986 மே மாசத்துக்கு அப்புறம் செஞ்ச மெஷின் கன் எதையும் பொதுஜனம் வாங்கவே முடியாது. பம்ப் ஸ்டாக் மாட்டின செமி ஆட்டோமேடிக்ல, துப்பாக்கி பின்னால உதைக்கிற வேகத்துலயே ட்ரிக்கர் திரும்பத் திரும்ப விரல்ல மோதும். காதுல கேட்டா மெஷின் கன். சட்டப் புத்தகத்துல தேடினா இல்லை!

2017 அக்டோபர் 1, லாஸ் வேகஸ். ஹோட்டலோட 32-வது மாடியிலேர்ந்து ஒருத்தன், இசை நிகழ்ச்சிக்கு வந்த கூட்டத்து மேல பத்து நிமிஷத்துல ஆயிரத்துக்கும் மேல குண்டு பொழிஞ்சான். பின்னாடி காயத்தால இறந்தவங்களையும் சேர்த்து 60 பேர் போயிட்டாங்க. அப்புறம் ட்ரம்ப் அரசே இதைத் தடை பண்ணுச்சு. 2019 மார்ச்சுல அமலாச்சு. 2024 ஜூன் 14 அன்னிக்கு உச்ச நீதிமன்றம் 6-3ன்னு அந்தத் தடையைத் தூக்கிருச்சு.

நீதிபதிகளை நான் திட்டப் போறதில்லை. எழுதின கோடைத்தானே கம்பைலர் ஓட்டும்? தடை வேணும்னா நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தட்டும்னு நீதிபதி அலிட்டோவே எழுதிட்டார். அதே மாசம் செனட்ல ஒரு மசோதா வந்துச்சு. ஒரே ஒரு உறுப்பினர் ஆட்சேபிச்சார், கதை முடிஞ்சது. பக் எந்த வரியில இருக்குன்னு தெரிஞ்சும் கை வைக்காதவனை என்னன்னு சொல்றது?

அடுத்த வாதம், "ஜாலிக்குத்தானே சுடறோம்?" வேகமாச் சுடறது ஒரு கலைதான், ஒத்துக்கறேன். ஒலிம்பிக்ஸ்ல 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல்னு போட்டியே இருக்கு. அஞ்சு இலக்கு, அஞ்சு குண்டு, கடைசி கட்டத்துல நாலே செகண்ட். 2012 லண்டன்ல நம்ம விஜய்குமார் வெள்ளி வாங்கினது இதுலதான். அங்க ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு குறி இருக்கு, அதுக்குப் பின்னாடி வருஷக்கணக்கான பயிற்சி இருக்கு. பம்ப் ஸ்டாக்ல குறி போயிடும், வேகம் மட்டும் மிஞ்சும். குறியே இல்லாத வேகம் யாருக்கு உதவும்? மான் வேட்டைக்காரனுக்கா? வீட்டைக் காப்பாத்தறவனுக்கா? கூட்டத்தைப் பார்த்துச் சுடறவனுக்கு மட்டும்தான்யா! உங்க அரைமணி நேர ஜாலியும் அவனோட ஆயுதமும் ஒரே பெட்டியில வருது.

"இன்னிக்கு இது, நாளைக்கு எங்க துப்பாக்கி"ன்னு ஒரு பூச்சாண்டி வேற. துப்பாக்கிப் பிரியர்கள் நிறைஞ்ச ஃப்ளோரிடாவே 2018-ல பம்ப் ஸ்டாக்கைத் தடை பண்ணுச்சு. அங்க துப்பாக்கிக் கடைக்கெல்லாம் பூட்டா தொங்குது?

டிஸ்கி: "கொல்றது துப்பாக்கி இல்ல, மனுஷன்தான்"னு பின்னூட்டம் போட வர்றவங்களுக்கு: சரிங்க, மனுஷன்தான். அந்த மனுஷனுக்கு நிமிஷத்துக்கு எத்தனை குண்டு தரலாம்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க.